பந்தை வைத்துக்கொள்ளாதவனுக்கு

நேற்றுக் காலை என் கைத்தடியின் அடியில் இருக்கும் ரப்பர் கழன்று விழுந்துவிட்டது. கடைத்தெருவில் இருக்கும் சைக்கிள் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் உப்புத்தாளால் தடியின் நுனியைத் தேய்த்தார். சிறிய டியூபைப் பிதுக்கிச் சொல்யூஷன் தடவிவிட்டு, "கொஞ்சம் காயட்டும் சார், அவசரமா ஒட்டனா நிக்காது" என்றார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலியால் உட்கார்ந்ததாக அவர் நினைத்துக்கொண்டார்.

ஊரில் மற்றவர்களுக்கு அது சைக்கிள் டியூபின் வாடை. நம் இருவருக்கு மட்டும் அது பந்தின் வாடை. தோலுக்குள் இருக்கும் ரப்பர்ப் பையின், பிளாடரின் வாடை.

நம் கால்பந்துக் குழுவுக்கு இருந்தது ஒரே ஒரு பந்து. தோல் தடித்து, தையல் விரிந்து, மழை நாளில் பூசணிக்காய் எடைக்கு வந்துவிடும். ஆட்டத்துக்கு முன் நீ பிளாடரை வெளியே இழுத்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பாய். குமிழி வரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "வாத்தி, பட்டாணி சைசுக்கு ஒரு ஒட்டு வெட்டு" என்பாய். நான் அப்போது வாத்தியார் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். ஒட்டுப் போட்டு, பிளாடரைத் தோலுக்குள் திணித்து, காற்றடித்து, வாரை இழுத்துக் கட்டுவாய். முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் தலையால் முட்டுகிறவனின் நெற்றி கிழிந்துவிடும். அதனால் ஒரு கொக்கியை வைத்துக்கொண்டு முடிச்சை உள்ளே தள்ளித் தள்ளி மறைப்பாய். முட்டப்போகிறவர்கள் முன்வரிசைக்காரர்கள். அவர்கள் நெற்றிக்காக நீ அத்தனை நேரம் குனிந்திருப்பாய்.

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உனக்கு எழுதவேண்டும் என்று இத்தனை நாளாக நினைத்து, நேற்று அந்தக் கடையில்தான் முடிவுசெய்தேன். கணக்கை முதல் வரியிலிருந்து போட்டால்தான் எனக்கு விடை வரும் என்பது உனக்குத் தெரியும். அதனால் உனக்குத் தெரிந்ததையெல்லாம் மறுபடி சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குக் கீழே, மதிலுக்கு வெளியே, மல்லாட்டை பிடுங்கிய நிலம்தான் நமக்கு மைதானம். வேர்க்கடலை என்று புத்தகத்தில் படித்தாலும் நம் வாயில் அது மல்லாட்டைதான். இரண்டு பக்கமும் சவுக்குக் கழிகள் நட்டிருப்போம். ஓடிக் களைத்தவர்கள் பாறை நிழலில் ஒதுங்குவார்கள். ஆனால் பொழுது சாய்ந்த பிறகும் அந்தப் பாறையில் முதுகைச் சாய்க்க முடியாது. பகல் முழுதும் குடித்த வெயிலை அது மெதுவாகத்தான் வெளியே விடும். நாம் எல்லாரும் வெறுங்காலில் ஆடினோம். கணுக்காலில் கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டவன் வசதிக்காரன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் நீ ஆடிய இடத்தை விளக்குவது கடினம். அப்போது முன்னால் ஐந்து பேர், பின்னால் காவலுக்கு இரண்டு பேர், கம்பத்தில் கோலியாக ஒருவன். நடுவில் மூன்று பேர். அந்த மூவரிலும் நடு ஆள் நீ. சென்டர் ஆஃப் என்று சொல்வோம். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கவேண்டும். பிடுங்கியதை முன்னால் ஓடுகிறவனுக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்த கையோடு திரும்பிப் பின்னால் ஓடவேண்டும். நான் இதைக் கல்யாணப் பந்தியில் வாளி தூக்குகிறவன் வேலைக்கு ஒப்பிட்டுச் சொல்வேன். அடுப்புக்கும் இலைக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பவன் அவன். நீ அதைக் கேட்டுவிட்டு, "சமைச்சவனுக்குப் பேரு. சாப்ட்டவனுக்கு வயிறு ரொம்பிடுச்சி. வாளி தூக்கனவனுக்கு இடுப்பு வலிடா வாத்தி" என்றாய். நீ ஆடிய காலம் முழுவதும் ஒரு கோல்கூடப் போட்டதாக எனக்கு நினைவில்லை.

எனக்கு ஆட்டம் வரவில்லை, விசில் வந்தது. விசில் ஊதுகிறவன் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆட்களைப் பார்க்கவேண்டும். அதனால் உன்னை நன்றாகப் பார்த்திருக்கிறேன். பந்து உன்னிடம் வருவதற்கு முன்பே ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம் தலையைத் திருப்பிவிடுவாய். வகுப்பில் சில மாணவர்கள் உண்டு. நான் கேள்வியை முடிப்பதற்குள் அவர்கள் கண் விடையில் போய் நின்றிருக்கும். நீ அந்த ரகம். பந்து உன் காலில் தங்கும் நேரம் மிகக் குறைவு. வந்தது தெரியும், போனது தெரியும், இருந்தது தெரியாது.

இது உன் நைனாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கல் உடைக்கும் வேலை முடிந்து, தலைப்பாகையில் கல் தூசியோடு நேராக மைதானத்துக்கு வருவார். ஒரு நாள் ஆட்டம் நின்றிருந்தபோது உள்ளேயே நடந்து வந்துவிட்டார்.

"ஏன்டா, அவ்ளோ கஷ்டப்பட்டு புடுங்கற. புடுங்கனத ஏன்டா அவன்கிட்ட குடுக்கற? நீயே வெச்சிகினா இன்னா?"

"அவன் நம்ம ஆளு நைனா."

"நம்ம ஆளுன்னா அவனே போயி புடுங்கிக்கட்டும். நீ இன்னா அவனுக்குக் கூலிக்கா ஓடற?"

நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் அது தானாகவே ஊதிவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊருக்கு ஆடப் போனாலும், நீ பந்தைத் தொட்டதும் நம் பையன்களே கரையில் இருந்து, "குடுக்காதடா, நைனா பாக்கறாரு" என்று கத்துவார்கள். அது புரியாமல் எதிராளிகள் சுற்றும்முற்றும் பார்ப்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலம். செஞ்சியில் நடந்த ஷீல்டு போட்டிக்குச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியின் குழு வந்தது. நகரின் வடக்கே இரும்பு வார்க்கும் கம்பெனி அது. எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நாம் தோற்றோம். ஆனால் அவர்களுடைய முன்வரிசையை நீ பாதி நேரம் வெறுங்காலால் கட்டிப்போட்டாய். ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய வெல்ஃபேர் ஆபீசர் உன்னைக் கூப்பிட்டார். தொப்பியால் விசிறிக்கொண்டே பேசினார். இப்போதைக்கு டெம்பரரி வேலை. காலையில் ஆலையில் வேலை, மாலையில் பயிற்சி. கம்பெனி குழு நகர லீகின் கடைசி டிவிஷனில் இருக்கிறது.

"கீழ் டிவிஷன்ல ஆடறவனுக்கு பர்மனென்ட் கேட்டா மேலிடத்துல சிரிப்பாங்க. ஒரு படி ஏறுங்கப்பா. மேல் டிவிஷன்ல ஆடறவனுக்கு பர்மனென்ட், குடியிருக்க கோட்ரஸ், எல்லாம் நான் வாங்கித் தரேன்."

அன்று மாலையே நீ பிலோமியிடம் சொன்னாய். உங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. அவள் கேட்ட முதல் கேள்வியை நீ என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "கோட்ரஸ்ல கொழாய் வூட்டுக்குள்ளயே இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லியிருக்கிறாய். சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, உண்மையாகவே இருப்பதாக ஆள்மூலம் சொல்லியும் அனுப்பினாய். ஒரு அறை, ஒரு சமையலறை, சமையலறைக்குள்ளேயே ஒரு குழாய். அவள் உன் வீட்டுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் நடந்துகொண்டு, மல்லாட்டைக் காட்டில் களை எடுத்துக்கொண்டு, அந்தக் குழாய்க்காகக் காத்திருக்கத் தொடங்கினாள்.

நீ அங்கே காலையில் வார்ப்பு மணல் அள்ளினாய். கறுப்பு மணல். எத்தனை குளித்தாலும் காதுமடலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மாலையில் ஆட்டம். ஒவ்வொரு வருடமும் உங்கள் குழு மேலே ஏறப்போகும், ஏறாது. ஒரு வருடம் கடைசி ஆட்டத்தில் கோலியின் கையிலிருந்து பந்து வழுக்கியது. ஒரு வருடம் மழை. ஒரு வருடம் எதிர்க்குழு வரவே இல்லை என்று சந்தோஷப்பட்டீர்கள். ஆட்டத்தை மறுபடி வைத்தார்கள், தோற்றீர்கள். ஒவ்வொரு பரீட்சையிலும் முப்பத்துநான்கு மதிப்பெண் வாங்கும் பையன் வகுப்புக்கு ஒருவன் இருப்பான். முட்டாள் என்று அவனைத் திட்டவும் முடியாது, தேர்ச்சி போடவும் முடியாது. உங்கள் குழு அப்படித்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பிலோமி உன் முகத்தைப் பார்ப்பாள். நீ, "அடுத்த வருசம்" என்பாய். அவள், "சரி" என்பாள். அதற்குமேல் பேச மாட்டாள். கோயிலுக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டுக்காரிகளிடம், "அடுத்த வருசம் நாங்க மெட்ராசு போறோம்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வருடாவருடம் அதே வாக்கியம். ஒரு வருடம்கூட அது அவள் வாயில் பழையதாக இல்லை.

நான்காவது வருடமோ ஐந்தாவதோ, ஒரு தேர்வு எழுதச் சென்னைக்கு வந்தேன். உன்னோடு தங்கினேன். நான்கு ஆட்டக்காரர்கள் படுக்கும் அறை அது. சுவரில் ஆணிக்கு ஒரு பூட்ஸ் தொங்கியது. மறுநாள் பிற்பகல் சீசனின் கடைசி ஆட்டம். நீங்கள் ஜெயித்தால் ஏறுவீர்கள். சமன் ஆனாலும் எதிர்க்குழுதான் ஏறும். அறையில் எல்லாரும் குழந்தைகள் மாதிரி கும்மாளமாக இருந்தார்கள். நீ முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். உன் வலது முழங்கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது.

காலையில் டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாய்.

"நேத்து ஆபீசர் ஒரு பையனுக்குக் கடற்கரை காட்டச் சொல்லி அனுப்பினாருடா. கோலார் தங்கவயல்காரன். சம்பத்துன்னு பேரு. நல்ல பையன். மாங்கா வாங்கிக் குடுத்தேன்."

"யார் அவன்?"

"ஆட்டக்காரன்தான். 'அண்ணா, நாளிக்கி எப்படியாச்சும் ஜெயிச்சிடுங்கண்ணா. நீங்க ஏறுனாதான் எனக்கு ஆர்டர் குடுப்பாங்களாம். எங்கப்பாவுக்கு சொரங்கத்துல வேல செஞ்சி செஞ்சி நெஞ்சு போயிடுச்சி. நான்தான் பாக்கணும்'னான். சரிடா, நீ எந்த எடத்துல ஆடறன்னு கேட்டேன்."

நீ டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாய். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"சென்டர் ஆஃபா?"

"சென்டர் ஆஃபு. அப்பறம் என்னக் கேட்டான், நீங்க எந்த எடம்ண்ணான்னு. நானா, சும்மா பந்து பொறுக்கிப் போடறவன்டான்னு சொல்லிட்டேன்."

குழு ஏறினால் நான்கு இடத்துக்குப் புது ஆட்களை எடுக்கப் பேசிவைத்திருக்கிறார்கள் என்று சம்பத்தே சொன்னானாம். மிச்சம் இருப்பவர்களுக்கு நிரந்தரம் கிடைக்கும். மற்ற மூன்று இடம் எது என்று உனக்குத் தெரியவில்லை. உன் இடம் மட்டும் தெரிந்துவிட்டது. அறையில் கும்மாளமிட்டவர்களிடம் நீ சொல்லவில்லை. ஆட்டத்துக்குப் போகிறவனிடம் அதையெல்லாம் சொல்லக் கூடாது என்றாய்.

நான் வாத்தியார் புத்தியில் கணக்குப் போட்டேன். "ஜெயிச்சா யாரு ஏறுவாங்க?" என்றேன்.

"கம்பெனி ஏறும். நான் எறங்கணும்."

"சமன் ஆனா?"

"எல்லாரும் இப்படியே இருப்போம். டெம்பரரியா. அடுத்த வருசம் மறுபடி."

"அப்போ முழங்கால் வலின்னு சொல்லிட்டு உக்காந்துடு. தப்பு ஒண்ணும் பண்ண வேணாம். ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதும்."

நீ சிரித்தாய். "முழங்கால் வலின்னு சொன்னா அது பொய்யில்லியே, அதான்டா பயமா இருக்குது" என்றாய். பிறகு டீக்குக் காசு கொடுத்துவிட்டு, ஒன்றும் முடிவு சொல்லாமல் நடந்தாய்.

அந்த மைதானம் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. எஞ்சின் போகும்போதெல்லாம் கரிப்புகை ஆட்டத்துக்குள் புகுந்து, பத்து விநாடிக்கு யாருக்கும் யாரையும் தெரியாது. நான் கோட்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் சம்பத் எங்காவது நின்றிருப்பான் என்று தேடினேன். அவன் முகம் எனக்குத் தெரியாது என்பது தேடிய பிறகுதான் உறைத்தது.

நீ நன்றாகவும் ஆடவில்லை, மோசமாகவும் ஆடவில்லை. எப்போதும்போல ஆடினாய். பிடுங்கினாய், கொடுத்தாய், பின்னால் ஓடினாய். வலது கால் கொஞ்சம் பின்தங்கியது எனக்குத் தெரிந்தது. முக்கால் ஆட்டம் போய்விட்டது, கோல் இல்லை. சமன் ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. இன்னொரு வருடம் உனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது மைதானத்தின் நடுவில் பந்து உன்னிடம் வந்தது. உன்னைச் சுற்றி யாரும் இல்லை. எதிர்க்குழுவும் சமன் போதும் என்று பின்னால் ஒதுங்கி நின்றது. வழக்கமாக நீ அந்த நேரத்துக்குள் பந்தைக் கொடுத்திருப்பாய். அன்று மட்டும் பந்தைக் காலடியில் நிறுத்தினாய். தலையை நிமிர்த்தினாய். உங்கள் வலதுபுற முன்வரிசைக்காரன் இரண்டு காவல்காரர்களுக்கு இடையே ஓடத் தொடங்கியிருந்தான். நீ அதைப் பார்த்தாய். பார்த்ததை நான் பார்த்தேன். பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டிருக்கலாம். பின்னால் இருக்கும் உங்கள் ஆளுக்கே திருப்பியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பந்து அந்த இருவருக்கும் நடுவே, வாசலில் பாய் விரித்தது மாதிரி, தரையோடு தரையாகப் போனது. ஓடியவன் நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை. காலை வீசினான். கோல்.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாய். அது அவிழ்ந்திருக்கவில்லை.

மைதானத்து மூலையில் இருந்த அடிகுழாயில் நீ முகம் கழுவியபோது நான் வந்தேன். எனக்குக் கோபம். நான் குழாயை அடித்தேன், நீ குனிந்திருந்தாய்.

"தெரிஞ்சேதானே குடுத்த?"

"தெரியும்டா."

"அப்பறம் ஏன்டா?"

நீ தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினாய். யோசித்ததாகவும் தெரியவில்லை.

"அவன் ஓடிகினு இருந்தான்டா வாத்தி. ஓடறவனுக்குக் குடுக்காம வேற இன்னா பண்றது?"

கோலி வந்து உன்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கினான். மூன்று குழந்தைக்காரன் அவன். அழுதுகொண்டிருந்தான். "பர்மனென்டு மாமே" என்றான். நீ அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாய்.

பத்து நாளில் ஆபீசர் உன்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லித்தான் சொன்னார் என்றாய். "உன் ஆட்டம் கீழ் டிவிஷனுக்குச் சரிப்பா. மேல வேகம் வேணும்." பாராட்டு விழாவில் எல்லாருக்கும் ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். உனக்கும் கொடுத்தார்கள்.

நீ ஊர் வந்து சேர்வதற்குள் நல்ல செய்தி உனக்கு முன்னால் வந்துவிட்டது. சென்னையில் வேலை பார்த்த உங்கள் தெருக்காரர் ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, "பிலோமி, ஒன் வூட்டுக்காரரு டீமு ஏறிடுச்சி" என்று சொல்லிவிட்டார். அவள் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். தன் இரண்டு ஆடுகளையும் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். மெட்ராசில் ஆட்டை எங்கே கட்டுவது. களையெடுக்கும் கொத்தைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

நீ டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று நானும் பஸ் நிறுத்தத்தில் இருந்தேன். உன்னோடு வீடு வரை நடந்தேன். அவள் வாசலுக்கு வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"இத எதுக்கு எடுத்தாந்த? மறுபடி தூக்கினு போவணுமே. எப்ப கௌம்பணும்?"

"எங்கியும் இல்ல" என்றாய்.

அவள் பெட்டியை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "தங்கச்சிகிட்ட ஆட்டத் திருப்பிக் கேக்க முடியாது. கொத்த மட்டும் கேட்டு வாங்கிக்கலாம்." உள்ளே போய்ச் சோறு வடித்தாள். அந்த எவர்சில்வர் தட்டில் அவள் ஒரு நாளும் உனக்குப் பரிமாறவில்லை. கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். நம் ஊரில் அவ்வளவு பளபளப்பான தட்டில் தண்ணீர் குடித்த கோழி அது ஒன்றுதான் என்று நீ சொல்வாய். அவள் சிரிக்க மாட்டாள்.

மறு வருடமே கம்பெனி குழு மறுபடி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அதற்கடுத்த வருடம் குழுவையே கலைத்துவிட்டார்கள். சம்பத் நிரந்தரம் ஆகியிருந்ததால் அவன் வேலை தப்பியது என்று கேள்விப்பட்டேன். உன்னிடம் சொன்னபோது நீ, "எறங்கிடுச்சா? நடுவுல எடம் விட்டு ஆடியிருப்பானுங்க" என்றாய். அதுதான் உன் ஒரே விமரிசனம்.

பிறகு நீ செஞ்சியில் மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கவரம், மேல்சித்தாமூர் என்று எந்த ஊரில் ஷீல்டு வைத்தாலும் சைக்கிளில் போய் ஆடினாய். பஸ் காசும் சோற்றுப் பொட்டலமும் கொடுப்பார்கள். மூட்டையும் பந்துமாகச் சேர்ந்து அந்த முழங்காலைத் தின்றன. கடைசி ஆட்டத்துக்கு விசில் ஊதியவன் நான்தான். அறுபதுகள் முடியும் தறுவாய். பந்து உன்னிடம் வந்தது. நீ வழக்கம்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டிருந்தாய். யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று உன் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. கால் வரவில்லை. பந்து நேராக எதிராளியிடம் போனது. கரையில் இருந்து ஒருத்தன், "பெருசு, வூட்டுக்குப் போ" என்றான். உனக்கு அப்போது முப்பது வயதிருக்கும். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, "ஊதுடா, நான் வெளிய போறேன்" என்றாய். நான் ஊதினேன். அதற்குப் பிறகு நீ மைதானத்துக்கு வரவே இல்லை.

உன் அடக்கத்தன்று சாமியார் உன்னை நல்ல உழைப்பாளி என்றார், நல்ல விசுவாசி என்றார். கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்களில் நீ ஆடிப் பார்த்தவர்கள் என்னைத் தவிர யாரும் இல்லை. உன் காலை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது முழங்கால் மடங்காமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டே இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். பிலோமி காபி கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வாத்தியாரண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"சாவறதுக்கு முந்தி ஒரு நாளு காலு நீவி விட்டுகினு இருந்தேன். அப்பதான் சொன்னாரு. அந்த மெட்ராசு ஆட்டத்துல பந்தக் குடுக்கறப்பவே தெரியுமாம், குடுத்தா தன் வேல போயிடும்னு. இத்தினி வருசம் எங்கிட்ட சொல்லல."

"நீ என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது. நீவி விட்டுகினே இருந்தேன்." சேலை நுனியை விரலில் சுற்றினாள். "அன்னிக்கு அவரு குடுக்காம இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்ணே?"

இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், பொறுமையாக ஒவ்வொரு படியாகச் சொன்னேன். குடுக்காமல் இருந்திருந்தால் குழு ஏறியிருக்காது. அவன் டெம்பரரியாகவே இருந்திருப்பான். கோட்ரஸ் கிடைத்திருக்காது. முழங்கால் அப்போதே போய்விட்டது. மிஞ்சிப்போனால் இன்னொரு வருடம் வைத்திருந்திருப்பார்கள். அடுத்த வருடம் இதே மாதிரி பெட்டியோடுதான் வந்திருப்பான். ஒரே ஒரு வருடம்தான் வித்தியாசம். வேறு ஒன்றும் மாறியிருக்காதும்மா, மனசைப் போட்டு உழப்பிக்காதே என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. நல்ல மாணவி மாதிரி கடைசி வரை கேட்டாள். தலையை ஆட்டினாள்.

பிறகு, காபி டம்ளரை எடுக்கக் கையை நீட்டியபடி, கோபம் ஒன்றும் இல்லாமல் சொன்னாள்:

"அந்த ஒரு வருசம் நான் இங்க நம்பிகினு இருந்திருப்பேன் இல்லண்ணே."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அலசும் சத்தம் கேட்டது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் இதை உன்னிடம் சொல்லவில்லை. இனிச் சொல்ல வழியும் இல்லை. உனக்குத் தெரியவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அதனால் எழுதிவிட்டேன். நீ அன்று செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது தவறு என்றும் சொல்ல முடியவில்லை. நீ அவளுக்குக் கொடுக்காமல் விட்ட அந்த ஒரு வருடம் மட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது.